கடல் தாண்டி வந்த மண்

கோடை முடிகிற நாட்களில் கோயம்புத்தூர் வானம் சில காலைகளில் நீலத்தைத் தொலைத்துவிட்டு, தண்ணீர் அதிகமாக விட்ட மோரின் நிறத்தில் நிற்கும். ஊரார் அதை மூட்டம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். காற்றில் மிதக்கும் தூசியை ஆராய்வதே என் பிழைப்பு என்பதால் என்னால் அப்படிப் போக முடியாது. அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிடுவேன். உக்கடத்தில் நான் குடியிருந்த மாடி வீடும், மொட்டை மாடியில் நான் வைத்திருந்த கண்ணாடித் தட்டும், வீட்டுக்கார பாயும் கனவில் வருவதுபோல் வருவார்கள்.

காற்றிலிருந்து இறங்கும் தூசியை அந்தத் தட்டில் பிடிப்பேன். ஒரு வாரம் யாரும் தொடக்கூடாது. மூட்டம் நன்றாகக் கட்டிய ஒரு வாரம், ஆசையாக எடுக்கப் போனால் தட்டு பளபளவென்று மின்னுகிறது! பக்கத்தில் பாய் துணியும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். "ஒரே தூசியாக் கெடந்துச்சுங்க அம்மணி, தொடச்சுப்போட்டேனுங்க." குடிவந்தவர்களின் சாமான் அழுக்காகக் கிடந்தால் வீட்டுக்காரருக்குத்தானே கேவலம்? எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏனுங்க பாய், அந்தத் தூசிக்காகத்தானுங்க நான் இந்த மாடிக்கே குடி வந்தேன்!" என்று கத்திவிட்டேன்.

பாவம், மனிதர் வெலவெலத்துப் போனார். மனசு கேட்காமல் உட்கார்ந்து விளக்கினேன். அரபு நாட்டுப் பாலைவனத்தில் காற்று கிளப்பும் பொடி மண் கடலுக்கு மேலே மிதந்து வருகிறது. வெயிலில் கொஞ்சத்தைத் தடுத்துத் தரையைக் குளிர்விக்கிறது. கொஞ்சத்தைத் தானே விழுங்கி மேல்காற்றைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டில் பருவக்காற்று வலுத்து, ஈரத்தை நம் பக்கம் இழுத்து வருகிறது. அதே காற்றோடு பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்த மண்ணும் கொஞ்சம் நம் மாடிக்கு வந்து சேர்கிறது.

பாய் மழையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த ஊரு மண்ணுங்களா?" என்றார். அவர் தம்பி அங்கே தண்ணீர் லாரி ஓட்டியவர். மாரடைப்பில் இறந்துபோனார்; அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது. அடக்கத்தின்போது சொந்தக்காரர்கள் மூன்று பிடி மண் அள்ளிப் போடுவது அவர்கள் வழக்கம். "அந்த மூணு பிடி மண்ணுகூட என் கையால போடலீங்க அம்மணி. அதுதானுங்க தூங்க உடமாட்டேங்குது. அவன் கெடக்குற மண்ணு இதுல இருக்குமுங்களா?"

"எந்த எடத்து மண்ணுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க பாய். ஆனா அந்தப் பக்கத்து மண்ணும் வருதுங்க" என்றேன்.

அதன்பிறகு அவர் மாடியில் துணி காயப்போடக்கூட யாரையும் விடவில்லை. முதல் மழை செம்பழுப்பாக இறங்கியது. மறுநாள் காலை பாய் வெளியே போய்விட்டு வந்தார். நகக்கண்ணெல்லாம் சேறு. மாடி மூலையில் படிந்ததை மூன்று பிடி அள்ளிக்கொண்டு போய், தன் அம்மாவை அடக்கம் செய்த இடத்தில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அதில் முக்கால்வாசி உக்கடம் பஸ் ஸ்டாண்டுப் புழுதி என்று எனக்குத் தெரியும். சொல்லலாமா என்று வாயெடுத்தேன்.

"பையன் ஊட்டுக்கு வந்துட்டான்னு எங்கம்மாகிட்டச் சொல்லிப்போட்டேனுங்க அம்மணி" என்றார் பாய்.