சுபானியின் நடு இலக்கம்

கொலோனில் இருக்கிற எங்கள் ஆட்களுக்குள் எட்டுச் சிலிண்டர் அமெரிக்கக் காரை முதலில் வாங்கியவன் நான்தான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் கண்டதில்லை. உணவகத்தில் பானை கழுவத் தொடங்கியவன், இன்று சொந்தத் துப்புரவு நிறுவனத்தில் இருபத்தேழு பேருக்கு வேலை கொடுக்கிறேன். அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு எனக்கு நானே வாங்கிக்கொடுத்த மஸ்டாங் அது. கடும் நீலம். ஸ்டார்ட் செய்தால் நாலு வீடு தள்ளியிருக்கும் ஜெர்மன்காரர் ஜன்னலைச் சாத்துவார். இதைப் பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். ஆனால் சங்கத்து மலருக்கு என்னைப் பற்றி எழுதச் சொல்லவில்லை, நமக்குள் இருக்கும் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் சுபானியை எழுதுகிறேன்.

சுபானிக்கு முப்பத்தாறு வயது. மூன்று வயதில் தாயின் இடுப்பில் இருந்தபடி இந்த நாட்டுக்கு வந்தவள். பள்ளி முடிந்ததும் கார் திருத்தும் அவுஸ்பில்டுங்குக்கு, அதாவது தொழிற்பயிற்சிக்கு, போனாள். வகுப்பில் இருபத்திரண்டு பேர், பெண் இவள் ஒருத்தி. "நகத்துக்குள்ள கிறீஸ் இருக்கிற பெட்டையை ஆர் கட்டுவான்?" என்று அவளுடைய பெரியம்மா கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்தில் இருந்து தலையாட்டியவன் நான். அவள் சொந்தக் கராஜ் வைக்கத் தேவையான மைஸ்டர் பரீட்சையும் எழுதித் தேறி, பெரிய கராஜ் ஒன்றில் பதினொரு வருடம் வேலை செய்து, போன பெப்ரவரியில் ஊருக்கு வெளியே சொந்தமாக ஒரு கூடம் வாடகைக்கு எடுத்தாள்.

அந்தக் கூடத்தின் தரையில் ஒரு றோல் இருக்கிறது. காரின் பின் சக்கரங்களை இரும்பு உருளைகளின் மேல் ஏற்றி, காரை வார் போட்டுக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓட்டி, எஞ்சினுக்கு எத்தனை குதிரைவலு என்று அளக்கிற இயந்திரம் அது. சுபானி எந்தக் காரையும் மூன்று தரம் ஓட்டுவாள். மூன்று இலக்கம் வரும். அதில் கூடியதையும் எழுதமாட்டாள், குறைந்ததையும் எழுதமாட்டாள். நடுவில் நிற்பதைத்தான் எழுதுவாள். வேறு இடங்களில் கூடியதைக் கொட்டை எழுத்தில் அடித்துத் தருவார்கள் என்று நான் சொன்னபோது, "அப்ப அங்க போங்கோ அண்ணை" என்றாள். அவ்வளவு வாய்.

என் காரை முதலில் அளந்தபோது நடு இலக்கம் 441. பிறகு நான் ஆசைப்பட்டபடி கம்பனிக்காரர் போட்ட மூடிய காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, அகலமான குழாயும் திறந்த பில்டரும் பூட்டினாள். கார் சிங்கம் போலக் கத்தியது. அளந்தாள். 444.

"மூண்டுதானோ? இவ்வளவு சத்தத்துக்கு மூண்டு குதிரையோ?"

"கூடினது சத்தம்தான் அண்ணை. இந்தக் காலத்து எஞ்சினுக்குக் கம்பனிப் பெட்டியே நல்லாக் காத்து எடுக்கும். குழாயை மட்டும் மாத்திப் பெரிசா ஒண்டும் வராது. அதுக்கேத்த மாதிரிக் காரின்ர கொம்பியூட்டரையும் மாத்தி எழுதி, நல்ல பெற்றோலும் அடிச்சா, பதினைஞ்சுக்கும் இருபதுக்கும் இடையில வரும். அதுக்கு மேல ஆரும் சொன்னா நம்பாதேங்கோ."

நான் பதினைந்தை அங்கேயே விட்டுவிட்டு இருபதை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். சங்க விழாவில் மைக்கில் சொன்னேன். எங்கள் பகுதி அமெரிக்கக் கார்க் கழகத்திலும் சொன்னேன். அந்தக் கழகத்தில் நாற்பது கார், தமிழன் நான் ஒருவன்தான். தலைவர் எமில், ஓய்வுபெற்ற ரயில் எஞ்சின் ஓட்டுநர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சனிக்கிழமை வந்து பார்க்கிறேன். அந்தப் பெண் சொன்ன இலக்கம் வந்தால், இந்த வருடம் நாற்பது காரையும் அவளிடம் அளப்போம். வராவிட்டால் வழமையான இடம்."

அந்த நாற்பது கார் வராவிட்டால் கோடைக்கு முன்னமே கூடத்தின் சாவியைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வரும் என்று சுபானி என் மனைவி கலாதேவியிடம் சொல்லியிருந்தாள். அதைத் தெரிந்துகொண்டுதான் சனிக்கிழமை போனேன்.

வியாழனன்று அவள் கொம்பியூட்டர் வேலையை முடித்துக் காரைத் தந்திருந்தாள். முழு வேக அளவையை எமிலின் கண் முன்னால் வைத்துக்கொள்வதாகப் பேச்சு. எமில் பதினொரு மணிக்கு வந்தார். "ஒரு மணிக்கு எனக்கு வேறு டேர்மின் இருக்கிறது, ஒருவரைச் சந்திக்கவேண்டும்" என்று சொல்லிக்கொண்டே கதிரையில் இருந்தார். என் கூட்டாளி நித்தியானந்தனும் வந்திருந்தான். நான் தோற்பதைப் பார்க்க நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டக்கூடியவன் அவன்.

முதல் ஓட்டம். கூடமே அதிர்ந்தது. சத்தம் அடங்கியதும் எல்லோரும் திரையைப் பார்த்தோம்.

426.

கூட்டச் சொன்ன காரில், முதல் அளந்த 441ஐவிடப் பதினைந்து குறைந்திருந்தது. எமில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"குதிரையள் பாதி வழியில இறங்கிப் போட்டுதுகள் போல" என்றான் நித்தியானந்தன்.

"வாயை மூடடா."

சுபானி காரிலிருந்து இறங்கினாள். "ஒரு சத்தம் கேட்டது. தகரப் பேணிக்குள்ள கல்லுப் போட்டுக் குலுக்கின மாதிரி. உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

எனக்கு என் காரின் உறுமல் மட்டும்தான் கேட்டது. அவள் இரண்டாம் தரம் ஏறி மிதித்தாள். பாதி வேகத்தில் சட்டென்று காலை எடுத்துவிட்டாள்.

"ஏன் விட்டனீ? மிதி பிள்ளை, மிதி!"

"மிதிச்சா எஞ்சின் உடையும்."

நான் அவள் காதருகே குனிந்தேன். கூடத்தின் வெப்பநிலையை அடிக்கிற கட்டம் ஒன்று அவளுடைய திரையில் உண்டு. அதில் பத்துப் பாகை கூட்டி அடித்தால் வருகிற இலக்கமும் கூடும் என்று அவளே முன்பு எனக்குக் காட்டியிருந்தாள். "அந்தக் கட்டத்தில கொஞ்சம் கையை வை. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் அண்ணை. தள்ளி நில்லுங்கோ."

இருபத்தேழு பேரை வேலை வாங்குகிற என்னைப் பார்த்துத் தள்ளி நிற்கச் சொன்னாள். நான் தள்ளி நின்றேன்.

திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். எஞ்சின் எடுக்கும் காற்று இருக்கவேண்டியதைவிடக் குறைவாகப் பதிந்திருந்தது. "வியாழன் றோட்டில ஓடிப் பாக்கேக்க இது சரியா இருந்தது. நேற்று காருக்கு ஏதும் செய்தனீங்களோ?"

"ஒண்டும் செய்யேல்லை."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. வேற ஆரும் கை வைச்சவையோ?"

"ஒரு நட்டைக்கூடத் தொடேல்லை எண்டுறன்!"

பன்னிரண்டேகால். எமில் மணிக்கூட்டைப் பார்த்தார். சுபானி பொனெட்டைத் திறந்து, காற்றுக்குழாயில் இருந்த இரண்டு திருகாணியைக் கழற்றி, ஒரு சின்ன சென்சரை வெளியே எடுத்தாள். உள்ளே போகிற காற்றை அளக்கிறது அது. அதற்குள் மயிர் போல மெல்லிய கம்பி ஒன்று. விளக்குக்குக் கீழே பிடித்தாள். கம்பி சாம்பல் நிறத்தில் இருந்தது. குழாய்க்குள் விரலை விட்டுத் தடவி எடுத்து மணந்தாள். விரலைப் பார்த்தாள். பிறகு என் நெற்றியைப் பார்த்தாள்.

நான் நெற்றியைக் கையால் மறைத்தேன்.

"அண்ணை, இது விபூதி."

"நேற்று... கோயிலடியில ஒரு சின்னப் பூசை. பொனெட்டைத் திறந்து, எஞ்சினையும் ஓடவிட்டு, ஐயரைக் கொண்டு ரெண்டு கை போடுவிச்சனான். அவர் காரின்ர முன் நெத்தியில ஒரு கீறு போதும் எண்டுதான் சொன்னவர். நான்தான் உள்ளுக்கையும் போடச் சொன்னனான்."

"காருக்கு ஏதும் செய்தனீங்களோ எண்டு ரெண்டு தரம் கேட்டனானெல்லோ?"

"அது காருக்குச் செய்யிறதே பிள்ளை? அது அம்பாளுக்குச் செய்யிறது."

நித்தியானந்தன் சிரிப்பை அடக்க வெளியே ஓடினான். சுபானி சிரிக்கவில்லை. பழைய மூடிய பெட்டி என்றால் அது எஞ்சினுக்கு அருகே காற்று எடுக்காது, திறந்த பில்டர் பக்கத்தில் போட்டதை அப்படியே இழுத்துவிட்டது என்றாள். பில்டரில் இருந்த எண்ணெயும் சேர, கம்பியில் சாம்பல் படிந்துவிட்டது. காற்றுக் குறைவு என்று நினைத்த கொம்பியூட்டர் பெற்றோலைக் குறைத்தது. அவள் கேட்ட கல்லுச் சத்தம் அதனால் வந்தது. "இன்னும் ரெண்டு ஓட்டம் நீங்கள் சொன்ன மாதிரி மிதிச்சிருந்தா, பிஸ்டன் ஓட்டையாகியிருக்கும்."

சென்சரைக் கழுவும் திரவத்தை அடித்தாள். பில்டரைக் காற்றடித்து உதறினாள். குழாயைத் துடைத்தாள். சென்சர் தானாகக் காயவேண்டும், ஊதக்கூடாது, துடைக்கக்கூடாது. இருபது நிமிடம். எமிலிடம், "சென்சரில் அழுக்கு, காரணம் தெரிந்துவிட்டது, காயும்வரை ஓட்டமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். யாருடைய அழுக்கு என்று சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரக் காத்திருந்ததற்குப் பிறகு இவ்வளவு நீளமான இருபது நிமிடம் கண்டதில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மறுபடி ஏறினாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கல்லுச் சத்தம் இல்லை. 458.

இரண்டாவது. 461.

"இருபது! அப்பிடியே இருபது! எழுது பிள்ளை!" நான் கை தட்டினேன். எமிலும் எழுந்து மேல்கோட்டை எடுத்தார். "சொன்னபடி இருபது. எனக்குப் போதும்" என்றார்.

அந்த இடத்தில் அவள் இறங்கியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நாற்பது காரும் கையில். கண்ணாடிக்குள்ளால் ஒற்றை விரலைக் காட்டினாள். இன்னும் ஒன்று இருக்கிறது.

மூன்றாவது 459.

இறங்கி வந்து தாளில் 459 என்று எழுதினாள். கூடியது பதினெட்டு.

எமில் கோட்டில் ஒரு கையை விட்டபடி நின்றார். "இருபது என்றல்லவா சொன்னாய்?"

சுபானி தாளைச் சுவரில் குத்தப் போனாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் நான் சொன்னேன்: "அவள் சொன்னது பதினைந்துக்கும் இருபதுக்கும் இடையில். இருபது நான் சொன்னது. சென்சரில் இருந்த சாம்பலும் நான் போட்டது."

எமில் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். 426 வந்த முதல் ஓட்டத்தின் தாளையும் அவள் அங்கே குத்தி வைத்திருந்தாள்.

"கெட்ட இலக்கத்தையும் வைத்திருப்பாயா?"

"ஓடிய ஓட்டம். வைத்திருப்பேன்."

"ஒரு சனிக்கிழமைக்கு எத்தனை கார் அளக்கலாம்? வழமையான இடத்தில் பத்து அளப்பார்கள்."

"ஆறு. மூன்று தரம் ஓட்ட நேரம் வேண்டும்."

எமில் சட்டைப்பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து, ஏழு சனிக்கிழமைகளில் அவளுடைய பெயரை எழுதினார். ஒரு மணி டேர்மினுக்குப் பிந்திவிட்டார்.

குழாய் பூட்டலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் சரியான பதில் சொல்கிறேன்: குழாய்க்கு மூன்று, கொம்பியூட்டருக்குப் பதினைந்து, மிச்சம் சத்தம். பொனெட்டின் உட்பக்கத்தில் சுபானி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள்: "பூசை நேரம் எஞ்சினை நிற்பாட்டவும்." ஜெர்மனியிலேயே அப்படி ஒரு ஸ்டிக்கர் ஒட்டிய முதல் கார் என்னுடையதுதான்.