நான் கொடுத்த மஞ்சள் கரு

அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் வேலைக்குப் போயிருந்ததால், எல்லை தாண்டி மலையாளப் பக்கமிருக்கும் பெருமாட்டியில் பெரியப்பா வீட்டில் தங்கி நான்காம் வகுப்பு படித்தேன். அந்த வருஷம் ஒரே வாரத்தில் அவருக்கு இரண்டு ஆஸ்பத்திரிக் காகிதங்கள் வந்தன. ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது, முட்டையின் மஞ்சள் கரு கூடாது என்றது ஒன்று. நடுப்பார்வை மங்குகிறது, கீரையும் மஞ்சள் கருவும் சாப்பிடவும், அவற்றில் லூட்டீன் என்ற சத்து இருக்கிறது என்றது மற்றொன்று.

பெரியம்மா முதல் காகிதத்தைத்தான் நம்பினாள். அவளுடைய அண்ணன் மாரடைப்பில் போனவர். காலையில் இரண்டு முட்டை வேகும். வெள்ளைக்கரு பெரியப்பாவுக்கு, மஞ்சள் எனக்கு.

"ஏனுங்க, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்கீங்க போவேன்?" என்பாள். பெரியப்பா வெள்ளைக்கருவை உப்பில் தொட்டுக்கொள்வார்.

மலையாளத்தில் இருந்த அந்தக் கண் காகிதத்தை அவருக்கு வாசித்துச் சொன்னவள், பள்ளியில் மலையாளம் படித்த நான்தான். அந்த லூட்டீன் கண்ணுக்குள் போய்ப் படிந்து பார்வையைக் காக்குமாம். அதன்பிறகு மஞ்சள் கரு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அவர் கண்ணையே நான் தின்பது போலிருந்தது.

ஒருநாள் இரண்டு மஞ்சள் கருவையும் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு தோப்பிலிருந்த மோட்டார் ரூமுக்கு ஓடினேன். அங்கே இருந்த பெரியப்பா சிரித்தார்.

"உம்பட பெரிம்மாளுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேத்தையும் ஊட்டுக்குள்ள உடமாட்டா, சாமி" என்று சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். மறுநாள் நான் போவதற்குள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

ஒரு மாதம் இப்படி ஓடியது. அப்புறம், மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும் என்றாள் பெரியம்மா. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் இருமினால் எழுந்து ஓடிப்போய்ப் பார்ப்பேன். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, தோப்பில் அவர் விழுந்து கிடப்பதாகத் தோன்றும். இனிமேல் கொடுக்கக் கூடாது என்று நினைப்பேன். கண் போய்விடுமே என்று மறுபடியும் கொடுப்பேன்.

பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நானும் அவர்களோடு சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மூன்று தடவை தண்ணீர் குடித்தேன். கடைசியில் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"நாந்தானுங்க மஞ்சக்கரு குடுத்தேன்! தெனமும் ரெண்டு!"

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெரியப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "கொழுப்பு குறைஞ்சிருக்கு. நான் கொடுத்த மாத்திரை வேலை செய்யுது. அதுக்காக ரெண்டு வேண்டாம், தினம் ஒண்ணு சாப்பிடட்டும். கொழுப்புக் கறியையும் பொரிச்சதையும் குறைங்க."

"அப்பக் கண்ணு தெளிஞ்சிருமுங்களா?" என்றாள் பெரியம்மா.

"போன பார்வை திரும்பாதும்மா. இருக்கிறதக் காப்பாத்தறதுக்குத்தான் இதெல்லாம்."

'தினம் ஒண்ணு' என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. பெரியப்பாவை இழுத்துக்கொண்டு வெளியே குதித்தோடினேன். பெரியம்மா வரவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால், அடுத்த ஆள் வந்து நிற்பதுகூடத் தெரியாமல், மடியில் பையை வைத்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க பெரிம்மா, பஸ் போயிரும்" என்று இழுத்தேன்.

எழுந்து வந்தாள். என்னைத் திட்டவில்லை. வாசற்படியில் பெரியப்பாவின் கையைப் பிடித்தவள், ரோட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. அவர்கள் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவர்களோடு வராதவள் போல விடுவிடுவென்று முன்னால் நடந்தேன்.