பெயர் வாசிக்காத வகுப்பு

சமவெளியில் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. நன்றாகத் தூங்கினேன். கடலோரப் பக்கத்து அந்தப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதியில், பதினெட்டு வயதில், கட்டிலில் விழுந்ததும் தூங்கினேன், மணி அடித்ததும் எழுந்தேன், வரிசையில் நின்று இட்லி வாங்கினேன், தின்றேன். அடுத்த கட்டில்காரி அம்மாவை நினைத்துத் தலையணையை நனைத்துக்கொண்டிருந்தபோது நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். சுவர் பச்சை. முதல் வருடம் என்றால் இன்றும் எனக்கு முதலில் வருவது அந்தப் பச்சைதான். கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி அந்த வருடத்தை இடையிடையே கிள்ளிப் பார்க்கிறேன்.

நான் அரியூர் நாட்டுக்காரி. கொல்லிமலையில் எங்கள் ஊர் ஓர் ஊர் மாதிரி இருக்காது. ஒரு வீடு, அப்புறம் ஒரு குச்சிக்கிழங்குக் காடு, ஒரு பள்ளம், பள்ளத்தில் நெல், ஏறினால் இன்னொரு வீடு. யாரைப் பார்க்கப் போனாலும் வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்று, "ஊட்ல யாருங்க?" என்று ஒரு குரல் கொடுப்போம். ஒன்றே ஒன்று. உள்ளே இருப்பவர் கையைக் கழுவி, சேலையைச் சரிசெய்து, "வா கண்ணு" என்று கூப்பிடும்வரை நிற்போம். எவ்வளவு நேரமானாலும் நிற்போம். இரண்டாவது குரல் கொடுக்கக் கூடாது. எங்கள் பக்கம் இரண்டாவது குரல் இழவு சொல்ல வந்தவனுடையது. அதைக் கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவார்கள்.

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மூச்சுவிடச் சொல்லித்தருவார்களா.

இரண்டாம் பட்டியலில்தான் எனக்கு இடம் கிடைத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வரலாற்றுத் துறையில் வகுப்பு தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. வகுப்பு வாசலில் நின்றேன். "ஏனுங்க சார்" என்றேன். ஆசிரியர் கரும்பலகையிலிருந்து திரும்பாமலே, "உட்காரு, உட்காரு" என்றார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மறுநாள் காலை முதல் மணியில் பெயர்களை வாசித்தார். அந்த மணியில் எடுக்கும் வருகைதான் அன்றைய நாளுக்கெல்லாம். ஒவ்வொருவராக "எஸ் சார்" சொன்னார்கள். வாசித்து முடித்து நோட்டை மூடினார். என் பெயர் வரவில்லை.

தாமதமாகச் சேர்ந்தவர்கள் தாங்களே எழுந்து பெயரைச் சொல்லிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்தது வேறு. நான் குரல் கொடுத்தாகிவிட்டது. இனிக் கூப்பிட வேண்டியது அவர். நாளை கூப்பிடுவார். நாளையும் கூப்பிடவில்லை. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. மழையில் நனைந்து போனேன், காய்ச்சலோடு போனேன், ஒரு நாளும் தவறவில்லை. பெயர்களின் ஓட்டம் மனப்பாடமாகிவிட்டது. அகர வரிசையில் எந்த இரண்டு பெயர்களுக்கு நடுவே என் பெயர் வரவேண்டும் என்றும் தெரியும். அந்த இடத்தில் அவர் ஒரு மூச்சு எடுப்பார். அந்த மூச்சுக்குள் தினமும் தயாராக இருந்தேன். முதலில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

புரட்டாசியில் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். தேர்வு எழுதத் தகுதி உள்ளவர் ஒரு பக்கம், வருகை குறைந்தவர் ஒரு பக்கம். அதை முதலில் பார்த்தவள் என் அறைத்தோழி. மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரி, அப்பாவை அத்தா என்பாள், அவருக்கு அங்கே மிளகுக் கடை.

"ஏ புள்ள, உன்ற பேரு நல்லவங்க லிஸ்ட்லயும் இல்ல, கெட்டவங்க லிஸ்ட்லயும் இல்ல. நீ என்ன பேயா?"

"சார் இன்னும் கூப்பிடலையே."

என்னையே பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. "அடிப்பாவி! கூப்பிடலைன்னு இத்தன மாசமாவா நிக்கிற? எங்கத்தாவும் மிளகு வாங்க உங்க மலைக்கு வந்தா ஒரு சத்தம் போட்டுட்டுப் பாறை மேல உக்காந்துக்குவாரு. ஒருக்கா அவசரத்துல ரெண்டு சத்தம் போட்டுட்டாராம். ஊடே மாரடிச்சிட்டு வெளிய வந்துச்சாம்." சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இது மலை இல்ல கண்ணு. இங்க தொண்டை கிழியக் கத்தணும்."

கையைப் பிடித்துத் துறைத்தலைவரிடம் இழுத்துப் போனாள். அந்த அம்மா வகுப்பாசிரியரைக் கூப்பிட்டுக் கேட்டார். "இந்த முகத்த பாத்திருக்கேன் மேடம், தினமும் பாத்திருக்கேன்" என்றார் அவர். அந்தச் சொல்லுக்காகப் பழைய நாட்களில் ஒரு பங்கை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அந்த அம்மா கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"இன்னியிலேருந்து கடைசி நாள் வரைக்கும் நீ ஒரு நாள்கூட விடக் கூடாது. விட்டா அடுத்த வருஷம் மறுபடியும் முதல் வருஷம்தாம்மா. அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதே."

மறுபடி என்பது எனக்கு இல்லை. ஒரே மூச்சில் படித்தால் படி, நடுவில் நின்றால் ஊருக்கு வந்துவிடு என்று சொல்லித்தான் அப்பா பஸ் ஏற்றிவிட்டிருந்தார். அதட்டிச் சொல்லவில்லை. காட்டில் ஆள் குறைகிறது, அதைச் சொன்னார்.

மறுநாள் வாசிப்பு முடிந்ததும் எழுந்தேன். "சார்" என்றேன். யாரும் ஓடி வரவில்லை. பெயரைச் சொன்னேன்.

"இவ்வளவு நாள் எங்கம்மா இருந்தே?"

"இங்கதாங்க சார். கடைசி பெஞ்சுல."

வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். எங்கோ யாரோ செத்திருக்க வேண்டும் என்று என் உடம்பு மத்தியானம்வரை காத்திருந்தது.

இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். ஊர் ஊராக வீடு மாற்றுகிறேன், எந்த வீட்டிலும் புத்தகங்களைப் பெட்டியிலிருந்து முழுதாக எடுத்து வைத்ததில்லை. மேடைகளில் என் பெயரை யார் யாரோ கூப்பிடுகிறார்கள். எழுந்து போகிறேன். கை தட்டுகிறார்கள். கடைசி பெஞ்சிலிருந்து கேட்பதுபோல்தான் அது கேட்கிறது.

அந்த முதல் வருடம் ஐப்பசியில் ஒரு நாள் விடுதித் தொலைபேசிக்கு அண்ணன் அழைத்தான். சந்தைக்கு மிளகு கொண்டுபோனவன், தோழியின் அத்தா கடையிலிருந்து பேசினான்.

"கண்ணு, அக்காளுக்கு நாள் குறிச்சாச்சு. புதங்கெழமை. நீ செவ்வாக்கெழமையே பஸ் ஏறிரு."

"வர முடியாதுண்ணா."

"என்ன சாமி, வெளையாடறயா? ஒரு நாள் லீவு போட்டா உன்ற காலேஜு இடிஞ்சா உழுந்துரும்?"

"போட்டா வருசமே போயிரும்ணா."

"நீதான் தெனமும் போறேன்னு சொன்னயே?"

"போனேன். பேரு இல்லாம போனேன்."

அவனுக்கு அது விளங்கவில்லை. எப்படி விளங்கும். அவனுக்குப் பின்னால் யாரோ மிளகு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். "சரி, நான் அக்காகிட்டச் சொல்லிக்கறேன்" என்று வைத்துவிட்டான்.

புதன்கிழமை காலை முகூர்த்தமும் முதல் மணியும் ஒரே நேரம். என் பெயர் வந்தது. "எஸ் சார்" என்றேன். அன்றைக்கு நிலவரி பற்றிய பாடம். நடத்தியதையெல்லாம் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக்கொண்டேன். வெளியே வந்ததும் தோழி என் முகத்தையே பார்த்தாள். "அழுவுறதுன்னா அழுதுரு புள்ள. யாரும் இல்ல இங்க."

"வரலை" என்றேன். அவளுக்குத்தான் கண் கலங்கியது.

தேர்வு எழுதினேன். விடுமுறைக்கு மலை ஏறினேன். அக்காவை எடப்புளி நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் வீட்டு வாசலில் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கையால் பரப்பிக்கொண்டே பேசினாள்.

"தாலி கட்டறப்பக்கூட ரோட்டத்தான் பாத்துட்டு இருந்தேன் கண்ணு. பஸ்ஸு சத்தம் கேட்டுச்சு. நீதான்னு நெனச்சேன்."

அவள் கொடுத்த டீயைக் குடித்தேன். சூடாக இருந்தது என்று தெரிந்தது, சுட்டதாக ஞாபகமில்லை.

"பாஸாயிட்டயா?"

"ஆயிட்டேன்க்கா."

"அது போதும்" என்றாள். மிளகைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.