மத்தியான மிஸ்டு கால்

சாத்தூர் ரோட்டில் அப்போது ரீசார்ஜ் கடை வைத்திருந்தேன். விருதுநகரில் அண்ணன்மார் மிளகாய் வத்தல் வியாபாரம் பார்த்தார்கள். எனக்கு அந்த நெடி ஆகாது. தும்மித் தும்மியே இங்கே வந்து விழுந்தவன் நான். சிம் போடுவேன், நம்பர் ஏற்றிக் கொடுப்பேன், பேட்டரி மாற்றுவேன், அவ்வளவுதான் என் வித்தை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தக் கதைதான். சுற்றுப்பட்டுப் பெண்களுக்கு செல்போன் விஷயத்தில் நான் சொன்னதே சட்டம்.

போனை நீட்டும்போதே வெட்கப்படுவார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு ரெண்டாம் பட்டனில் வீட்டுக்காரர் நம்பரைப் பதிந்து கொடுப்பேன். அமுக்கிப் பிடித்தால் அவருக்கு ரிங் போய்விடும். அதைச் சொல்லிக்கொடுக்கும்போது கடையில் நிற்கும் காலேஜ் பையன்கள் சிரித்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். தெரியாததைக் கேட்க வந்தவரைப் பார்த்துச் சிரிக்க ஒரு படிப்பு வேண்டுமா?

அப்படிப் பட்டன் பழகியவர்களில் ஒருவர், வீட்டிலிருந்தபடி தீப்பெட்டி ஒட்டும் ஓர் அக்கா. கணவர் பயராபீசில் வேலை. பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கம் பயராபீஸ் என்றுதான் சொல்வோம். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் கேட்டில் இருக்கும் வாளியில் போட்டுவிட்டுப் போவார்கள். இந்த அக்கா தினமும் மத்தியானம் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நான் சாப்பிடப் போறேன், நீங்களும் சாப்பிடுங்க என்று அதற்கு அர்த்தம். கணவர் வெளியே வந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் தூக்குச்சட்டியைத் திறப்பாராம். அதைச் சொல்லும்போது அந்த அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த ஒரு மத்தியானம் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே வந்து பார்த்தால் மேற்கே புகை. செத்தவர்களில் அந்த அக்காவின் கணவரும் ஒருவர். முகத்தைப் பார்க்க விடவில்லை. துணியில் சுற்றியே கொண்டுவந்து இறக்கினார்கள்.

காரியம் முடிவதற்குள் அந்தக் கம்பெனி போர்மேன் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டான். அவர் மடியில் போனை ஒளித்து உள்ளே கொண்டுபோயிருக்கிறார், வெடிமருந்து இருந்த ரூமில் அது அடித்திருக்கிறது, அதனால்தான் வெடித்தது என்று. அவனிடம் கேமரா வைத்த போன் இருந்தது. அதனால் போனைப் பற்றி அவன் சொன்னதை ஊர் நம்பியது. அந்த ரூமுக்குள் எத்தனை பேரை அடைத்திருந்தார்கள், கலந்த மருந்தை எப்படிக் குவித்திருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மாமியார்க்காரி முச்சந்தியில் நின்று, என் மகனைப் போன் போட்டே கொன்னுட்டா என்று மண்ணை வாரித் தூற்றினாளாம்.

சில நாள் கழித்து அந்த அக்கா கடைக்கு வந்தார். ஸ்டூலைப் போட்டும் உட்காரவில்லை. போனை என் முன்னால் வைத்தார்.

"பாய், ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. அன்னைக்கி நான் மொதல்ல அடிச்சேனா, வெடி மொதல்ல வெடிச்சுச்சா?"

அவருக்கே நினைவில்லை. வழக்கம்போல அடித்ததும் ஞாபகம் இருக்கிறது, சத்தம் கேட்டுப் பதறி அமுக்கி அமுக்கிப் பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. எது முன்னே எது பின்னே என்பது மட்டும் குழம்பிப் போயிருந்தது.

போன் மணி அடித்து மருந்து வெடிக்காது என்று எனக்குத் தெரிந்த மட்டும் எடுத்துச் சொன்னேன். கணவர் போன் கேட்டில் வாளியில்தான் கிடந்திருக்கும், போர்மேன் கம்பெனியைக் காப்பாற்றப் புளுகுகிறான் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் எனக்கு வெளங்காது பாய். மணிய மட்டும் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். அது பழைய போன். பேட்டரி ஆடாமல் இருக்க நான்தான் அட்டையை மடித்துச் செருகிக் கொடுத்திருந்தேன். கீழே விழுந்து பேட்டரி கழன்றால் கடிகாரமும் போய்விடும். திரும்பவும் மணியும் தேதியும் போடச் சொல்லிக் கேட்கும். எழுத்துத் தெரியாத மனுஷி ஏதோ ஒன்றை அமுக்கிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அடித்த மிஸ்டு காலுக்கு நேரே விடியற்காலை மணியும், எந்தக் காலத்துத் தேதியோ ஒன்றும் நின்றன. எது முந்தி என்று அந்தப் போனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போர்மேன் தன் அறிவை வைத்துக்கொண்டு ஒரு பொய் சொல்லலாம் என்றால் நானும் சொல்லலாம். இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

"வெடிச்ச பெறகுதான்க்கா அடிச்சிருக்கீக. மணி தெளிவா இருக்கு. யார் கேட்டாலும் நான் வந்து சொல்றேன்."

ஒரு பாரம் இறங்கும், அழுது தீர்ப்பார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் அடிக்கையில அவுக இல்லையா?"

"இல்லக்கா."

"கொன்னது நானாவே இருந்துட்டுப் போகட்டும், கடைசியா நான் கூப்புட்டதக் கேட்டுட்டுத்தான் போனாகன்னு நெனச்சுக் கெடந்தேன் பாய்."

போனை மேசையிலேயே விட்டுவிட்டு வெயிலில் இறங்கிப் போனார். அதைக் கேட்டு அவர் திரும்ப வரவே இல்லை.