தீவில் ஒரு சமாதி

மெஹபூப் அலி லஸ் முனையில் ஜட்கா ஓட்டிப் பிழைத்தவர். சாயங்காலம் அடையாறு முகத்துவாரத்துக்குக் காற்று வாங்கப் போகிறவர்கள் ஏறினால், ஆற்றுக்கு நடுவே மணல்தீவு தெரியும் இடத்தில் குதிரையை நிறுத்திச் சவுக்கை நீட்டுவார். அந்தக் கரையில்தான் நவாப் படை பரங்கியரிடம் தோற்றது. அது நடந்த சண்டை. அதில் குதிரைமீதிருந்து விழுந்த தம் முப்பாட்டனார் அந்தத் தீவில் அடங்கியிருக்கிறார் என்பது அவராகச் சேர்த்தது. பாட்டனார் யார் வீட்டுக் குதிரைகளுக்கோ புல் அறுத்தவர். அதற்கு முந்தியவர்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கதை கேட்டவர்கள் வாடகையில் பேரம் பேசுவதில்லை. அது போதுமாயிருந்தது.

வெளியில் சொன்னதை வீட்டிலும் சொன்னதுதான் வினை. மனைவி அஃப்சருன்னிசா நம்பிவிட்டாள்.

மகன் இனாயத் பினாங்கில் ஒரு கடைக்கு வேலைக்குப் போயிருந்தான். ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்த பிறகு அவனிடமிருந்து ஒரு வரி வரவில்லை. கடைசிக் கப்பலில் தப்பி வந்த பீர் முஹம்மது என்பவர், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் அவனை உயிரோடு பார்த்ததாக மெஹபூப் அலியிடம் சொல்லிவிட்டுத் தம் ஊருக்குப் போய்விட்டார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அவள் சோறு தின்றாள். பிள்ளை திரும்பி வர, முப்பாட்டனார் சமாதிக்குப் போர்வை போர்த்துவதாக நேர்ந்துகொண்டாள். துணி கிடைக்காத காலம். தன் நிக்காஹ் பட்டுச் சேலையை வெட்டிப் பச்சைப் போர்வை தைத்தாள்.

"பொம்பளைங்க போற எடமா அது? சோல்ஜருங்க சுத்திக்கினு கீறானுங்க."

"நம்ம வூட்டுப் பெரியவரைப் பாக்க எவனைக் கேக்கணும்? நீங்க இட்டுக்கினு போங்க, இல்லாங்காட்டி நானே நடந்து போறேன்."

திரை போட்ட ஜட்காவில் கரைவரை போனார்கள். அங்கிருந்து மீன்பிடிக்கும் பொன்னுரங்கத்தின் தோணி.

"இன்னா பாய், குதிரைக்கு நீச்சல் தெரியாதா?" என்று அவன் சிரித்தான்.

தீவு அழகாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், தாழம்புதர், வெள்ளை மணல், அப்பால் கடல். அவள் எதையும் பார்க்கவில்லை.

"எங்க?"

நீளவாக்கில் ஒரு செங்கல் மேடு கிடந்தது. எந்தக் காலத்திலோ கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த சூளை. மெஹபூப் அலி அதைக் காட்டினார்.

போர்வையைப் பிரித்தவள் நின்றாள். "தலைமாடு எந்தப் பக்கம்?"

"இப்பிடி" என்று கையை நீட்டினார். நீட்டிய பக்கத்தில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

முசல்மானை அடக்கினால் தலை வடக்கே இருக்கும். முகம்தான் மேற்கே, மக்காவைப் பார்த்துத் திரும்பியிருக்கும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. அவசரத்தில் அவருக்கு மறந்துவிட்டது.

அவள் போர்வையை மடித்துக்கொண்டாள். அழவில்லை. திரும்பி வரும்போது திரைக்குள்ளிருந்து கேட்டாள்:

"இனாயத்தைப் பாத்ததா ஒருத்தர் சொன்னாருன்னீங்களே, அவரும் இப்பிடித்தானா?"

"அல்லா மேல ஆணை, அது நெசம்டி. பீர் முஹம்மது பாய் என் கையைப் புடிச்சிச் சொன்னாரு."

"சமாதிக்கும் அல்லா மேலதான ஆணை வெச்சீங்க."

அடுத்த வியாழக்கிழமை பள்ளிவாசல் மோதினாரை அழைத்து, இறந்தவர்களுக்கு ஓதும் பாத்திஹாவை மகன் பேரில் ஓதவைத்தாள். பச்சைப் போர்வையை விரித்து அதன்மேல் இனிப்புச் சோற்றை வைத்திருந்தாள். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல மெஹபூப் அலி வாயெடுத்தார். உட்கார்ந்திருந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

"ஆமீன்" என்றார்.