பத்மஜா வீட்டு மொட்டை மாடியில் கல்பகம்

ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார் மேல் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு கல்பகம் கண்ணை மூடுகிறாள். மோட்டார் பழுதான வீட்டுக்காரர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் இடது கை தானாக உயர்கிறது. "சித்த சும்மா இருங்கோ. அது பேசட்டும்." பேரிங் தேய்ந்திருந்தால் தகரத்தில் அரிசி கொட்டுவதுபோல் கேட்கும். தண்ணீர் இல்லாமல் வெறுமே சுற்றினால் சத்தம் மெலிந்து மேலே போகும். கண்ணைத் திறக்கும்போது பாதி விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கும். மீதியை வீட்டுக்காரரிடம்தான் கறக்க வேண்டும்.

அதற்கு மூன்று கேள்விகள் வைத்திருக்கிறாள். எந்தக் குழாயில்? எப்போதிலிருந்து? அதற்கு முன்னால் எதை மாற்றினீர்கள்? மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள், ஒன்றுமே மாற்றவில்லை என்று. கல்பகம் நம்பமாட்டாள். "டாக்டர்கிட்டயும் என்கிட்டயும் மறைக்காதேங்கோ. அப்புறம் அவஸ்தை உங்களுக்குத்தான்."

தெலுங்கு ஊரான அல்வாலில் அவள் தெருவில் குழாய் நூலாக ஒழுக ஆரம்பித்தால் முதலில் பிளம்பருக்குப் போன் போகாது. கல்பகம் மாமிக்குத்தான் போகும். திருச்சியில் டிப்ளமா முடித்த கையோடு வந்து, ராமச்சந்திராபுரத்துக் கம்பெனியில் பம்பு சோதனைப் பிரிவில் சேர்ந்தவள். ஆயுளில் பாதியைக் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரத்தில் கழித்தாள். விருப்ப ஓய்வு வாங்கியபோது, சகாக்கள் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை வாங்க மறுத்து, ஸ்டோரில் தான் பழகிய பைப் ரெஞ்சைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அல்வாலில் வருஷத்துக்கு வருஷம் நிலத்தடி நீர் கீழே போயிற்று. சாஃப்ட்வேர் சம்பளத்தில் வீடுகள் மேலே போயின. நடுவில் அகப்பட்ட மோட்டார்கள் கல்பகத்தின் கைக்கு வந்தன.

புடவையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே இழுத்துச் செருகி, காலில் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டுதான் கிளம்புவாள். தண்ணீர் வரும்வரை அந்த வீட்டில் காபி குடிப்பதில்லை. வந்த பிறகு கொடுத்தால், டிகாக்ஷனைப் பற்றி ஒரு குறையாவது சொல்லாமல் டம்ளரைக் கீழே வைப்பதில்லை.

அவள் கணவர் விஸ்வநாத் ராணுவ அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்த்தவர். பம்பைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயன்றதில்லை. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வருவார். அவள் இந்த முனையில் நின்றால் அவர் அந்த முனையில் நிற்பார், தொட்டியருகிலோ குழாயடியிலோ. "ஏன்னா, வரதா?" என்று இவள் கத்துவாள். "வந்துடுத்து!" என்று அவர் கத்துவார். தெரு முழுக்கக் கேட்கும். எதிர்வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்திவிட்டு, மாமிக்கு இன்று வெற்றி என்பார்.

பிப்ரவரியில் விஸ்வநாத் போய்விட்டார். மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

தெரு அன்பாகத்தான் நடந்துகொண்டது. சாப்பாடு கொண்டு வந்தார்கள், பாங்க் வேலைக்குத் துணை வந்தார்கள். மோட்டாருக்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை. மாமி துக்கத்தில் இருக்கிறாள், தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைக்கிறார்கள் போலும் என்று முதலில் எண்ணிக்கொண்டாள். ஒருநாள் கிருஷ்ணமூர்த்தி வீட்டு மோட்டார் தண்ணீரில்லாமல் சுற்றுவது அவள் சமையலறைவரை கேட்டது. தானாகவே போய்க் கதவைத் தட்டினாள். கிருஷ்ணமூர்த்தியின் மனைவி ரமா வாசலை மறித்தாற்போல் நின்றுகொண்டு, பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். "ஒரு வருஷம் போகட்டுமே மாமி. நீங்க பெரியவா, உங்களுக்குத் தெரியாததா?"

கல்பகத்துக்கு அப்போதுதான் விளங்கியது. போவன்பல்லியிலிருந்து யாரோ ஒருவன் வந்து அந்த மோட்டாரைக் கழற்றி வேறு மாட்டினான். பழையது நன்றாகத்தான் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாள். பத்தாம் நாளன்று உறவுக்காரப் பெண்கள் அதை எங்கோ ஒளித்து வைத்திருந்தார்கள். தேடி எடுத்து வைத்திருந்தாளே தவிர, அதுவரை தொடவில்லை. ஒன்றை உரித்து ஒட்டிக்கொண்டாள். இதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கிய ஒரு நாத்தனாரிடம், இது கம்பெனி ஷாப்புக்கு வேலைக்குப் போகிற பொட்டு, உன் அண்ணா வாங்கிக் கொடுத்ததில்லை என்றாள். நாத்தனார் அதற்கப்புறம் அந்த வாரம் போன் செய்யவில்லை.

ஆவணியில் மூன்றாவது வீட்டில் கிரகப்பிரவேசம். பத்மஜாவும் அவள் கணவன் வெங்கட்ரமணனும் மாடியில் புதிதாக ஒரு பாகம் கட்டியிருந்தார்கள். தெருவுக்கே பத்திரிகை வந்தது. கல்பகம் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அன்று காலை அவள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் தண்ணீர் லாரி. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெங்கட்ரமணனே வாளி தூக்குகிறான். பிளம்பர் யாதகிரி தலையில் கை வைத்துக்கொண்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கிறான்.

கல்பகம் ஷூவைத் தேடினாள். மகள் ஸ்ரேயா பேகம்பேட்டில் ஒரு அலுவலகத்தில் பொறியாளர். அப்பா போனதிலிருந்து அம்மாவோடு தங்கியிருந்தாள். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"அம்மா, நக்கோ, வேண்டாம். கூப்பிடாத ஆத்துக்கு எதுக்குப் போறே?"

"ஆத்துக்கு யார் போறா? நான் குழாய்க்குப் போறேன்."

ஸ்ரேயா கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

வாசலில் பத்மஜாவின் முகம் வெளிறிவிட்டது. கெட்ட பெண் அல்ல. பிப்ரவரியில் மூன்று நாள் ரசம் கொண்டுவந்து கொடுத்தவள். உள்ளே மாமியார் வீட்டுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். "மாமி, தப்பா எடுத்துக்காதேங்கோ. இன்னிக்கு நல்ல நாள்... நாளைக்குக் காலம்பற நானே வந்து அழைச்சுண்டு போறேன்."

"நாளைக்கு வந்தா இன்னிக்கு வந்தவா எதுல கை அலம்புவா? என் நெத்தியா உன் குழாயைப் பார்க்கப் போறது? காதும் கையும்தான் பார்க்கும். அதுக்கு ஒண்ணும் ஆகலை." கல்பகம் குரலைத் தாழ்த்தவில்லை. ஹோமப் புகையினூடே இரண்டு மூன்று தலைகள் திரும்பின.

வெங்கட்ரமணன் வாளியோடு ஓடிவந்தான். மோட்டாரையே மாற்றியாகிவிட்டது, ஒன்றரை எச்பி போட்டிருக்கிறது, இனி யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்கிற மாதிரி பேசினான்.

"மேல தொட்டி ரொம்பித்தா?"

"வழியறது மாமி."

"தொட்டி வழியறதுன்னா மோட்டார் என்னடா பண்ணித்து பாவம்? அது தன் வேலையை முடிச்சுட்டுப் போயாச்சு. அப்புறம் தண்ணி தானா எறங்கணும். எறங்கலை. எதை மாத்தினேள்?"

ஒன்றுமே மாற்றவில்லை என்றான் அவன். பத்மஜா தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, வாஸ்து பார்த்தவர் சொன்னதால் தொட்டியைத் தென்மேற்கு மூலைக்கு நகர்த்தியதாகச் சொன்னாள். கல்பகம் அவளைத் தாண்டிப் படி ஏறினாள். யாரும் தடுக்கவில்லை. யாரும் வாங்கோ என்றும் சொல்லவில்லை.

மொட்டை மாடியில் யாதகிரி எழுந்து நின்று "மேடம்காரு" என்றான். அவன் குரலில் நிம்மதி இருந்தது. முதலில் தொட்டியடியில் இருந்த வால்வில்தான் கோளாறு என்று கல்பகம் நினைத்தாள். கழற்றிப் பார்த்தார்கள். வால்வு சுத்தமாக இருந்தது. உச்சுக்கொட்டினாள். பிறகு குழாய் போன வழியே கூடவே நடந்தாள். தொட்டியிலிருந்து இறங்கித் தரையோடு போன குழாய், நடுவில் திடீரென்று கைப்பிடிச் சுவர் மேல் ஏறி, சுவரோடு கொஞ்ச தூரம் போய், மறுபக்கம் இறங்கிக் குளியலறைக்குப் போயிற்று.

இது ஏன் இங்கே மலை ஏறுகிறது என்று யாதகிரியைக் கேட்டாள். நேராகப் போனால் கீழே பூஜை அறை இருக்கிறதாம். சாமி தலைக்கு மேல் குளியலறைத் தண்ணீர் போகக் கூடாதாம். அதனால் சுற்றிக் கொண்டுபோகச் சொன்னார்களாம். வேண்டாமென்று இவன் சொல்லியிருக்கிறான், சார் கேட்கவில்லை.

கல்பகம் வாய்விட்டுச் சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. தொட்டி ஒருமுறை காலியாகி நிரம்பும்போது இந்த மேட்டில் காற்று மாட்டிக்கொள்ளும். தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போகமுடியாமல் பின்னால் நிற்கும். எவ்வளவு பெரிய மோட்டார் போட்டாலும் தொட்டிதான் வழியும்.

மேட்டிலிருந்த இணைப்பில் ரெஞ்சைக் கொடுத்துத் தளர்த்தினாள். உள்ளேயிருந்து சீறிக்கொண்டு காற்று வந்தது. குழாய் இருமியது, கக்கியது, பிறகு தண்ணீர் அவள் முகத்தில் பீய்ச்சி அடித்தது. இணைப்பை இறுக்கிவிட்டு, சுவருக்கு வெளியே எட்டி, பழக்கத்தில் கத்தினாள்:

"ஏன்னா, வரதா?"

அவள் குரல் அவளுக்கே கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். யாதகிரி தொட்டியைப் பார்த்தான். ஸ்ரேயா பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் துடைத்தாள், ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை.

குளியலறை ஜன்னலிலிருந்து, கொஞ்சம் தாமதமாக, பத்மஜாவின் குரல் வந்தது.

"வந்துடுத்து, மாமி!"

மேட்டின் உச்சியில் தொட்டியைவிட உயரமாக ஒரு சிறு குழாயை நிறுத்தி, காற்று தானாகப் போக வழி செய்யும்படி யாதகிரியிடம் கல்பகம் சொன்னாள். இன்றைக்கே, இந்த விசேஷம் முடிவதற்குள்.

இறங்கும் இடத்தில் வெங்கட்ரமணன் காத்திருந்தான். ரொம்ப நன்றி சொன்னான். இரண்டு கையாலும் பக்கவாட்டு இரும்புப் படியைக் காட்டினான். "மாமி, இது நேரா சந்துக்குப் போயிடும். உங்களுக்குச் சுலபம்."

கல்பகம் அந்தப் படியைப் பார்த்தாள். பிறகு உள் படியில் இறங்கினாள். புதுக்கூடத்தில் பட்டுப்புடவைகள் ஒதுங்கி வழிவிட்டன. தாம்பாளத்தில் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டிருந்த ரமா தாம்பாளத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

கூடத்தின் மூலையில் புது வாஷ் பேசின் இருந்தது. அதன் குழாயை யாரும் இன்னும் திறந்திருக்கவில்லை. கல்பகம் அதன் முன் நின்று, முழுசாகத் திறந்தாள். புது சோப்பின் உறையைப் பிரித்தாள். ஈரமுகத்தோடு, அத்தனை பேரும் பார்க்க, வலது கையின் கிரீஸை விரல் விரலாக, நகக்கண்வரை தேய்த்துக் கழுவினாள். தண்ணீர்ச் சத்தம் கூடம் முழுக்க நிறைந்தது. வலது கை முடிந்ததும் இடது தோளிலிருந்து சரிந்த புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவசரப்படாமல் அந்தக் கையைத் தொடங்கினாள்.