ரத்தினசாமி வாங்கிய நாலு பல் மெசின்

வேலந்தாவளம் சந்தைக்கு வருகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மாட்டுத் தரகர் ரத்தினசாமி, மாரியம்மன் நோன்பன்று விடிகாலையில் புது டேப் ரிக்கார்டரைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டார். ஏன் போட்டார் என்பதில்தான் கட்சி பிரிகிறது. மெசின் ஓட்டை என்பது டீக்கடைக் கட்சி. அவர் பாடிவைத்ததில் வேறொருத்தியின் பெயர் இருந்தது, அதைப் பெண்டாட்டி முத்தாத்தாள் கேட்டுவிட்டாள் என்பது குழாயடிக் கட்சி. குழாயடி சொல்வதில்தான் ருசி அதிகம். நானும் ரெண்டு மாதம் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் நடந்தது வேறு. இப்போது நடந்தபடி சொல்கிறேன். ருசி குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது எழுபத்தெட்டாம் வருடம். ரத்தினசாமிக்கு நாற்பத்தைந்து வயது. பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து மாடு ஓட்டிக்கொண்டு நடந்து வருகிற வழியில் தானாகவே பாட்டுக் கட்டுவார். அப்படி நாலு பாட்டு சேர்ந்திருந்தது. நாலையும் முழுசாகக் கேட்டவை மாடுகள் மட்டுமே. அவை குறை சொன்னதில்லை.

நோன்புக்கு மைக்செட் கட்டுகிறவன் மிக்கேல். அவனிடம் ரத்தினசாமி தன் ஆசையைச் சொன்னார். மைக் முன்னால் நின்று பாடச் சொன்னால் அவருக்குத் தொண்டை அடைத்துவிடும். போன வருடமே பார்த்தாகிவிட்டது. ஆகவே பாட்டு மட்டும் புளியமரத்தில் கட்டுகிற மைக்செட் குழாயிலிருந்து வரவேண்டும். அவர் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, இது யார் பாட்டு என்று நாலு பேர் கேட்பதைக் காதால் கேட்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை. பதிவு செய்து கேசட்டாகக் கொண்டுவந்தால் சினிமாப் பாட்டுப் பிளேட்டுகளுக்கு முன்னால் அதையே போடுவதாக மிக்கேல் ஒத்துக்கொண்டான். நோன்புக்கு மூன்று வாரம் இருந்தது.

எந்த மெசின் வாங்குவது என்று கேட்டதுதான் அவர் செய்த முதல் பிழை. பெரிய நாடாச் சக்கரம் சுற்றுகிற மெசின்தான் பாட்டுக்கு லாயக்கு என்றான் மிக்கேல். அது ட்ரங்குப் பெட்டி அளவு இருக்கும், கரண்டு இல்லாமல் மூச்சுவிடாது. ரத்தினசாமி வீட்டில் கரண்டு இல்லை, தோட்டத்து மோட்டார் ரூமில் மோட்டாருக்கு மட்டும்தான் உண்டு. கேசட் மெசின் வாங்கு, பாட்டரியில் ஓடும் என்றார் செல்லத்துரை வாத்தியார். அதில் பாடினால் தகர டப்பாவுக்குள் பாடுகிற மாதிரி இருக்கும் என்று மிக்கேல் மறித்தான். ஆர்மோனியம் வாங்கு, முதலில் சுதி சேரட்டும் என்றது, பாட்டே தெரியாத அவர் மாமனார். ஒரு வாரம் இதிலேயே போயிற்று. ஒவ்வொருவரும் சொல்லும்போது சரியாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்தால் எதுவும் சரியாக இல்லை.

கடைசியில் யாரிடமும் சொல்லாமல் பாலக்காடு பஸ் ஏறினார். காளையைத் தடவிப் பார்த்தே வயசு சொல்கிறவனுக்கு ஒரு பெட்டி வாங்கத் தெரியாதா என்ற கோபம்.

கடைக்காரர் மலையாளி. மூன்று கேசட் மெசின்களை மேசைமேல் வைத்தார். நம் மாட்டுச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டுக்கு என்ன குறை என்று விற்கிறவனிடம் கேட்கக்கூடாது. கேட்டால் ஆள் புதுசு என்று தெரிந்துபோகும், தலையில் கட்டிவிடுவான். குறையை நாமே பார்த்துக் கண்டுபிடிக்கவேண்டும். ரத்தினசாமி அப்படியே வாயைத் திறக்கவில்லை. மெசின்களைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். முன்னால் வரிசையாகப் பட்டன்கள் இருந்தன. ஒன்றில் ஆறு, ஒன்றில் ஐந்து, ஒன்றில் நாலு. இருபது வருடம் மாட்டு வாயைப் பிளந்து பல்லை எண்ணி வயசு பார்த்த கை சும்மா இருக்குமா? நாலு பல் என்றால் இளசு, இன்னும் பத்து வருடம் உழைக்கும். ஆறு பல் என்றால் ஏற்கெனவே ஏரில் பூட்டி அடிபட்டது. நாலு பட்டன் மெசினைத் தொட்டார். பிறகு தோள்துண்டை எடுத்துக் கையை மூடி, சந்தையில் செய்கிற மாதிரி துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதற்காக நீட்டினார். கடைக்காரர் அந்தத் துண்டோடு சேர்த்துக் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரத்தினசாமி அவர் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, வெற்றுக் கேசட் ரெண்டும் வாங்கிக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் மோட்டார் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு நாலு பாட்டையும் பாடினார். கேசட் சுற்றியது. திருப்பிப் போட்டுக் கேட்டார். ஸ்ஸ்ஸ் என்று மழைச் சத்தம் மட்டும் வந்தது. இன்னும் உரக்கப் பாடினார். மறுநாள் மெசினுக்கு வாய் எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்து நாலு பக்கமும் பாடினார். மூன்றாம் நாள் தொண்டை கட்டியதும் மிக்கேலிடம் தூக்கிக்கொண்டு போனார்.

மிக்கேல் பார்த்தான். "ரத்தினண்ணா, இது பாடற மெசினுங்க. கேக்கற மெசினில்லீங்க. பதியறதுக்குச் செவப்புப் பட்டன் ஒண்ணு இருக்கோணும். இதுல எங்கீங்க?"

"கடையில இருந்த ஆறு பல்லுல ஒண்ணு செவப்பாத்தான் இருந்துச்சு" என்றார் ரத்தினசாமி. "சொத்தைன்னு நெனச்சுட்டன்."

மிக்கேல் சிரிக்காமல் இருக்க எவ்வளவோ பாடுபட்டான். முடியவில்லை. நான் அங்கே தற்செயலாக நின்றிருந்ததால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

சந்தையில் வாங்கிய மாடு ஏரில் படுத்துக்கொண்டால் அடுத்த சந்தையில் திருப்பி ஓட்டிவிடலாம். அதை நம்பி மெசினோடு பாலக்காடு போனார். திருப்பி எடுக்கிறதில்லை என்றார் கடைக்காரர். ஏர், சந்தை என்றெல்லாம் ரத்தினசாமி நியாயம் பேசினார். கடைக்காரருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. மூன்றாம் நாள் செல்லத்துரை வாத்தியாரைக் கூட்டிப்போய் மலையாளத்தில் பேசவைத்து, மேலே பணம் போட்டு, ஆறு பட்டன் மெசினாக மாற்றிக்கொண்டு வந்தார். நோன்புக்கு ஐந்து நாள் மிச்சம்.

இனிமேல் பாட்டுத்தானே என்றால் அதுவும் இல்லை. முதல் பதிவில் பாதிக்கு மேல் காக்கை. ரெண்டாவதில் பக்கத்துத் தோட்டத்து மோட்டார். மூன்றாவது நன்றாகத்தான் வந்தது, கடைசி அடிக்கு முன்னால் முத்தாத்தாள் கதவைத் தள்ளி, "ஏனுங்க, எருமைக்குத் தண்ணி காட்டுனீங்களா இல்லியா?" என்று கேட்டதும் அதில் அப்படியே ஏறிவிட்டது. அதையே போடலாம், ஜனங்களுக்குப் பிடிக்கும் என்றேன். அவர் என்னோடு ரெண்டு நாள் பேசவில்லை. நாலாவதில் பாட்டரி தளர்ந்து, குரல் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இழுத்தது. அன்றைக்கு மெசினை ஓங்கியது உண்மை. ஓங்கியவர் கீழே வைத்துவிட்டு நேராகப் பாட்டரி வாங்கப் போனார்.

நோன்புக்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு பாட்டு முழுசாகப் பதிந்தது. காக்கை இல்லை, மோட்டார் இல்லை, முத்தாத்தாள் வெளியே காவல் உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு தடவை போட்டுக் கேட்டார், மறுபடியும் கேட்டார், மூன்றாம் தடவை பாதியில் நிறுத்தினார், பிறகு எருமைக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார் என்று அவளே பிறகு சொன்னாள்.

மறுநாள் விடிகாலை மிக்கேல் புளியமரத்தடியில் காத்திருந்தான். கேசட் வரவில்லை. பொங்கல் பானை பொங்குகிற நேரம் நெருங்கவே, அவன் சினிமாப் பிளேட்டைப் போட்டான். ரத்தினசாமி கூட்டத்தில்தான் நின்றார். யார் பாட்டு என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்த பாட்டு.

இதை எழுதப்போகிறேன் என்று அவரிடம் போய்ச் சொன்னேன். கிணறு, முத்தாத்தாள், வேறொருத்தி என்று ஊர் பேசுவதையெல்லாம் எடுத்துச் சொல்லி, எதைப் போடுவது என்று கேட்டேன். அவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"கெணத்துலயும் போடலீங்க, கொளத்துலயும் போடலீங்க. மெசினு ஊட்டுலதான் இருக்குது, ஒரு பழுதும் இல்ல. நான் பாடுனத அப்படியே திருப்பிச் சொல்லுச்சு. கேட்டன். நல்லால்லீங்க. அதான் குடுக்கல."